வரைபடத்தை மறுபடி விரியுங்கள்!

எத்தனை வீட்டு பீரோக்களில் ஒரு வரைபடம் மடித்தபடி கிடக்கிறது! சமையலறையை இரண்டடி தள்ளிக் கட்டுவது, மாடியில் ஓர் அறை எடுப்பது, அப்பா காலத்துத் தளத்தைப் பிரித்துப் புதிதாய்ப் போடுவது என்று வீட்டோடு உட்கார்ந்து ஆசை ஆசையாய்ப் போட்ட வரைபடம். பொறியாளர் வந்து அளந்தார். மேஸ்திரி தொகை சொன்னார். தை பிறந்ததும் வேலை என்று பேசி முடித்தாயிற்று. அப்புறம்தான் அடி விழுந்தது. கம்பெனியில் ஆட்குறைப்பு என்றார்கள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தொழிலில் கூட்டாளி கைவிரித்தார். இனி அந்த வீட்டில் வாழ முடியாது என்று மகள் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். வரைபடம் பீரோவுக்குள் போனது. “நேரம் சரியில்லை, எல்லாம் சரியானதும் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிப் பூட்டிவிட்டோம்.

அந்தப் பூட்டை உடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் சரியாகிற நாள் என்று ஒன்றை எந்த நாள்காட்டியிலும் அச்சடித்து வைக்கவில்லை. ஒரு கடன் தீர்ந்தால் ஒரு படிப்புச் செலவு வந்து நிற்கும். ஒரு காயம் ஆறும்போது இன்னொன்று திறக்கும். குடும்பம் என்றால் அப்படித்தான். அதற்காக, அடியே விழாத ஆளைப்போலப் பழைய திட்டத்தை அப்படியே எடுத்து ஆரம்பித்துவிடுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது அசட்டுத் துணிச்சல். பீரோவைத் திறங்கள். வரைபடத்தை மேசைமேல் விரியுங்கள். விழுந்த அடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திருத்தி எழுதுங்கள். தள்ளிப்போடாதீர்கள், திருத்துங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பழைய வீட்டை இடித்துத் திருத்திக் கட்டுவதைப் பற்றி அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் அதை இரண்டுக்கும் மேலே வைத்திருப்பார்கள். புது வீடு கட்டுகிறவர் வேறொரு கூரையின் கீழே தூங்கி எழுந்து வேலையிடத்துக்கு வருகிறார். திருத்திக் கட்டுகிறவர் சிமென்ட் தூசிக்கு நடுவே சமைக்க வேண்டும், பிள்ளையைத் தேர்வுக்குப் படிக்க வைக்க வேண்டும், ராத்திரி ஜல்லிக் குவியலைத் தாண்டிக் கழிவறைக்குப் போக வேண்டும். சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்கிறவருக்கே தெரியாது. இத்தனையையும் மனசு நொந்திருக்கிற நேரத்திலா செய்யச் சொல்கிறாய், இரக்கமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இரக்கத்தோடுதான் சொல்கிறேன். நீங்கள் துக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்களோடு சேர்ந்து வீடு உட்கார்ந்திருக்காது. அதன் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

தலைக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். 30, 40 வருஷத்துக்கு முன்பு போட்ட கான்கிரீட் தளம். ஒரு மூலையில் பூச்சு உப்பியிருக்கிறது. அதன் பக்கத்தில் பழுப்பாய் ஒரு கோடு, கம்பி ஓடுகிற திசையிலேயே நீண்டு போகிறது. போன மழைக்கு ஒரு முழம் இருந்தது, இந்த மழைக்கு இரண்டு முழம். என்ன நடக்கிறது அங்கே? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமென்டின் காரத்தன்மை காவல் காத்துக்கொண்டிருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்காய் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிட்டது. கடலோர ஊர் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். காவல் போன கம்பியில் தண்ணீர் பட்டால் துரு. துருவுக்கு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்காக அது கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்புகிறது. ஒருநாள் பாளமாய்ப் பெயர்ந்து விழுகிறது. விழுந்த பிறகு கம்பி வெறுமையாய் வெளியே நிற்கும், துரு இன்னும் வேகம் பிடிக்கும். தளத்தின் அடிக்கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம் சாதாரணமாய்க் குறைந்தது 20 மில்லிமீட்டர் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நெறி. முழுதாய் ஓர் அங்குலம்கூட இல்லை. பழைய வீடுகள் பலவற்றில் அந்த அளவும் இருக்காது.

துருவுக்கு உங்கள் வீட்டுச் சாவு தெரியாது. உங்கள் வேலை போனது தெரியாது. ஐப்பசி மழையும் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இன்றைக்குப் பெயர்த்துத் தேய்த்துப் பூசினால் முடிகிற இடத்தை மூன்று மழைக்கு விட்டுவையுங்கள், தளத்தையே பிரிக்கச் சொல்வார்கள். “இப்போதைக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டதால் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோமே, நாம் கூடுதல் செலவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்!

எனவே முதல் வேலை, ஒரு சிறிய சுத்தியல். ஏணியில் ஏறுங்கள், அல்லது ஏறத் தெரிந்த ஒருவரை ஏற்றுங்கள். தளத்தின் அடிப்பக்கத்தை ஒவ்வோர் அடியாய்த் தட்டிக்கொண்டே போகட்டும். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடத்தில் பொள்ளலாய்ச் சத்தம் வரும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். நல்லதையே நினை, நல்லதே நடக்கும் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பொள்ளல் தளத்துக்கு வெள்ளையடித்துவிட்டு அதன் கீழே படுத்து நல்லதை நினைக்கிறவரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தட்டிப் பார்க்கப் பயப்படுகிறவர் எத்தனை நம்பிக்கை வாசகம் சொன்னாலும் அது உதட்டோடு நிற்கும். தட்டிப் பார்த்துவிட்டு, பத்து வட்டம் போட்டுவிட்டு, “சரி, இவ்வளவுதானே, இதை எப்படிச் சரிசெய்வது?” என்று இடுப்பில் கைவைத்து நிற்கிறாரே, அவர்தான் எழுந்துவிட்ட ஆள்.

துக்கத்துக்கு நடுவில் கட்டுவது மனிதரால் ஆகுமா என்று இன்னமும் சந்தேகம் இருந்தால் கட்ச் பக்கம் பாருங்கள். 2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8 மணி 46 நிமிடம். குஜராத்தின் கட்ச் மண்ணைப் பூகம்பம் உலுக்கியது. மாநிலத்தில் 13,000 பேருக்கும் மேல் மாண்டார்கள். அஞ்சார் நகரத்தின் குறுகலான தெருவில் கொடியோடு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மேல் இருபக்கச் சுவர்களும் சரிந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தகப்பன்மார் இருந்தார்கள். பெண்டாட்டியை, புருஷனை, மொத்தக் குடும்பத்தை இழந்து தனியாய் மிஞ்சியவர்கள் இருந்தார்கள். இதைவிடப் பெரிய அடி எது?

அவர்களுக்காக யாரோ வீடு கட்டிச் சாவி கொடுத்ததாக நினைக்காதீர்கள். சில ஊர்களை அமைப்புகள் கட்டிக் கொடுத்தன, உண்மைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளை வீட்டுக்காரர்களே நின்று கட்டினார்கள். அரசு பணத்தை மொத்தமாய்க் கொடுக்காமல் தவணையாய்க் கொடுத்தது. கட்டடம் ஒரு கட்டம் ஏறும், பொறியாளர் வந்து பார்ப்பார், அதன் பிறகு அடுத்த தவணை. ஊர்க் கொத்தனார்களுக்குப் புதிய முறை கற்றுக்கொடுத்தார்கள். பேஸ்மட்டத்தில் ஒரு கான்கிரீட் பட்டை, லிண்டல் மட்டத்தில் ஒரு பட்டை, கூரை மட்டத்தில் ஒரு பட்டை. நான்கு சுவரையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள். சுவர் சேரும் மூலைகளில் நிமிர்ந்து நிற்கும் கம்பி. விழுந்த பழைய வீடுகளில் பல, கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டியவை. ஒரு பட்டையும் கிடையாது. உலுக்கியதும் ஒவ்வொரு சுவரும் தன் பாட்டுக்குப் பிரிந்து விழுந்தது. அதே மண்ணில், கட்ச் மக்கள் ‘புங்கா’ என்று அழைக்கும் வட்டமான பாரம்பரிய வீடுகள் பெரும்பாலும் தாங்கி நின்றன. அதையும் அவர்கள் பார்த்தார்கள்.

இதில் என்னை உலுக்குவது ஒன்றுண்டு. அந்த மக்கள் கண்ணீர் வற்றட்டும் என்று காத்திருக்கவில்லை. அழுதுகொண்டேதான் செங்கல் நனைத்தார்கள். ஆனால் இடிந்த வீட்டையே திரும்பக் கட்டவும் இல்லை. விழுந்தது ஏன் என்று தெரிந்துகொண்டு, அந்தக் காரணத்துக்குச் சுவருக்குள்ளேயே பதில் சொல்லிக் கட்டினார்கள். அடி அவர்களுடைய வரைபடத்தைத் திருத்தியது, கிழித்துப் போடவில்லை. உங்களுக்கு விழுந்த அடியும் உங்கள் வரைபடத்தைத் திருத்தட்டும்!

எப்படித் திருத்தும் என்று கேட்கிறீர்களா? அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டிருந்த திட்டத்தில் முதல் வரி என்ன? வரவேற்பறைக்கு மார்பிள், ஜிப்சம் சீலிங், டி.வி. சுவருக்கு அலங்காரம். கோடு போட்டு அதை அடியுங்கள். இப்போது முதல் வரி கழிவறை. சக்கர நாற்காலி நுழைய வேண்டுமென்றால் கதவு திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி, தெளிவாய்க் கிடைக்க வேண்டும். நம் வீட்டுக் கழிவறைக் கதவுகள் பல இரண்டரை அடிதான். வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ். நாற்காலி மட்டத்துக்கு உயர்ந்த மேல்நாட்டுக் கழிப்பான். பக்கத்தில் கையூன்றி எழச் சுவரில் ஸ்டீல் கைப்பிடி. அது டைல்ஸோடு பெயர்ந்து வராதபடி செங்கல் சுவருக்குள் போல்ட் இறங்கியிருக்க வேண்டும். வாசல்படியைப் பாருங்கள். சரிவுப்பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஓரடி ஏற 12 அடி நீளம். உங்கள் வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி. முன்பக்கம் அவ்வளவு இடம் இல்லையா? பக்கவாட்டில் திருப்பி விடுங்கள், நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு சமதளத்தோடு.

இந்த வேலை மார்பிளைவிடக் குறைந்த செலவில் முடியும். முடிந்த அன்றைக்கு, யார் கையையும் எதிர்பாராமல் உங்கள் அம்மா தானாகவே கழிவறைக்குப் போய்வருவார். மாதக்கணக்காய்ப் பிறர் தூக்கிவிட வேண்டியிருந்த ஒரு மனுஷிக்கு அது என்ன என்று யோசித்துப் பாருங்கள். சோதனை வந்ததால் நின்றுபோக வேண்டிய வேலையா இது? சோதனை வந்ததால் ஆரம்பிக்க வேண்டிய வேலை!

பெட்டியோடு மகள் திரும்பி வந்த வீட்டிலும் அப்படியே. வாடகைக்கு விடலாம் என்று நினைத்த மாடியறைக்குத் தனிப்படி, சின்னதாய் ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை சேருங்கள். அவள் யார் முகத்தையும் பார்த்துக் கூனிக் குறுகாமல் தன் கதவைத் தானே திறந்து மூடட்டும். மாடி எடுக்கும் முன் அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், உள்ளாட்சி அனுமதியையும் வாங்குங்கள். இந்த இரண்டையும் அவசரத்தில் தாண்டாதீர்கள்.

இனிக் காசு. வேலை போன தம்பிக்கும் கடையை மூடிய அண்ணாச்சிக்கும் நெஞ்சில் முள்ளாய் நிற்பது இதுதான். பத்து லட்சத்துக்குப் போட்ட திட்டம், கையில் நாலு லட்சம்தான் இருக்கிறது. நாலு லட்சத்துக்கு என்ன செய்ய முடியும்? நிறைய முடியும், வரிசை தெரிந்தால். கூரை ஒழுகல், தளக்கம்பி, சுவர் ஓதம், தண்ணீர்க் குழாய், மின்சாரம் இவையெல்லாம் உயிர் காக்கும் வேலைகள். தரை, கதவு, பெயின்ட், மாடுலர் கிச்சன் இவை கண்ணுக்கான வேலைகள். கண்ணுக்கானதை மதிப்புக் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. சுத்தமான சுவர் மனசைத் தூக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் வரிசை மாறினால் இரண்டு செலவு. மேலே தட்டோட்டு இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால், ஒரு மழையில் அத்தனையும் உரிந்து வரும். ஒயருக்காகச் சுவரைக் குடையும் வேலை பூச்சுக்கு முன்னால் முடிய வேண்டும், பூச்சு பெயின்ட்டுக்கு முன்னால் காய வேண்டும்.

மின்சாரத்தை எளிதாய் நினைக்காதீர்கள். நாலு விளக்கு, இரண்டு ஃபேனுக்காக அன்றைக்குப் போட்ட ஒயரில் இன்றைக்கு ஏசி, கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகிறது. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். ஏசிக்கு வழக்கமாய் 4 போடுவார்கள். எர்த் இருக்கிறதா என்று ஆளை வைத்துச் சோதியுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டுங்கள். குளியலறைச் சுவரில் ஷாக் அடிக்கிற வீட்டில் சீலிங் அலங்காரம் எதற்கு?

திட்டத்தைத் துண்டு துண்டாய் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் தன்னளவில் முடிய வேண்டும். அதோடு வேலை ஆறு மாதம் நின்றாலும் வீடு நனையக் கூடாது, யாருக்கும் ஆபத்து வரக் கூடாது. அந்தக் கணக்கில் வெட்டுங்கள். கூரையையும் பின்சுவரையும் ஒரே வாரத்தில் திறக்காதீர்கள். வீட்டில் இருப்பது ஒரே கழிவறை என்றால், இரண்டாவதைக் கட்டி முடித்துத் தண்ணீர் விட்ட பிறகுதான் பழையதில் கடப்பாரை படலாம். கையிலிருக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் நாளே தனியாய் எடுத்துவிடுங்கள். பழைய சுவர் எதை மறைத்து வைத்திருக்கிறதோ! மருத்துவத்துக்கென்று வைத்த பணத்தை ஒரு மூட்டை சிமென்ட்டுக்குக்கூடத் தொடக் கூடாது. கிரெடிட் கார்டில் டைல்ஸ் எடுக்கக் கூடாது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வங்கியில் வீடு திருத்தக் கடனாய், மாறும் வட்டியில் வாங்குங்கள். தனிநபருக்கு அப்படிக் கொடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. நல்ல காலம் திரும்பும்போது வேகமாய்க் கழித்துவிடலாம். பழைய எஸ்டிமேட்டையே நம்பிப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மேலான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதற்கு முன் போட்ட கணக்கு என்றால் மறுபடி போடச் சொல்லுங்கள்.

மனசு உடைந்திருக்கிற நேரத்தில் நமக்கொரு பலவீனம் வரும். எல்லாவற்றுக்கும் “சரி” என்று சொல்லிவிடுவோம். பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கும். கான்ட்ராக்டர் கேட்ட அட்வான்ஸ் சரி, கடைக்காரர் காட்டிய டைல்ஸ் சரி, மச்சான் சொன்ன ஆள் சரி. இதைத் தெரிந்துகொண்டு வலைவிரிக்கிற சிலரும் இருக்கிறார்கள். அதனால் உங்களுக்கே ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தொகைக்கும் கேட்ட அன்றே தலையாட்டக் கூடாது, ஒரு ராத்திரி தூங்கி எழ வேண்டும். லேபர் கான்ட்ராக்ட்டா, மெட்டீரியலோடா, எந்தெந்த வேலை கணக்கில் வரும், எது வராது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்ச் மக்களுக்கு வந்த தவணைபோலவே நீங்களும் கொடுங்கள். ஒரு கட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு தவணை. இதில் மேஸ்திரிக்கும் நன்மைதான். அவருடைய கூலி பாக்கி நிற்காது.

அந்த மேஸ்திரியையும் கொத்தனாரையும் சித்தாள் அக்காவையும் பற்றி ஒரு வார்த்தை. காலையில் தூக்குப்பையோடு உங்கள் வாசலில் வந்து நிற்கிறவர்களில் துக்கம் இல்லாதவர் யார்? வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். வந்தவர் செங்கல்லைத் தண்ணீரில் நனைக்கிறார், தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார், சுவர் ஒரு நூல்கூடச் சாயாமல் ஏறுகிறது. எப்படித் துக்கத்தோடு வேலை செய்வது என்று உங்களுக்குப் பாடம் வேண்டுமானால் புத்தகக் கடைக்குப் போக வேண்டாம். அவர்களுக்குப் பதினோரு மணி டீயை நேரத்துக்குக் கொடுங்கள், சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்து, ஊர் வாய். வேலை ஆரம்பித்த பிறகு வீட்டில் ஏதாவது ஒன்று நடக்கும். யாராவது கீழே விழுவார்கள், யாருக்காவது வேலை போகும், ஒரு பெரியவர் காலமாவார். உடனே திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: “வீட்டைத் தொட்ட நேரம் சரியில்ல.” இதைக் கேட்டுப் பாதியில் நிறுத்திய வீடுகளை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். கம்பி நீட்டிக்கொண்டு, பூசாத செங்கலோடு, வருஷக்கணக்காய் நிற்கும். கேட்கிறேன்: பெரிய திருத்த வேலை என்றால் ஆறு மாதம், எட்டு மாதம் ஓடும். கொத்தனாரே உள்ளே வராத வீட்டிலும் எட்டு மாதத்துக்குள் ஒரு காய்ச்சல், ஒரு சண்டை, ஒரு சாவுச் செய்தி வராமல் இருக்கிறதா? சொந்தபந்தத்தோடு வாழ்கிற எந்தக் குடும்பத்துக்கும் வரும். சுவரை இடித்ததால் மாமா சாகவில்லை. அவருக்கு எண்பது வயது, இருதயம் பழுதாகியிருந்தது. இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சத்தமாய்ச் சொல்லுங்கள். குறிப்பாய், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாய் நின்று வீட்டைத் திருத்தும் தங்கைக்குச் சொல்லுங்கள். “ஆம்பளை இல்லாத வீட்டுல இப்ப எதுக்கு இதெல்லாம்” என்று அவளிடம்தான் முதலில் கேட்பார்கள். தங்கச்சி, ரசமட்டத்தை நீயே கையில் எடு. நடுவில் நிற்கும் குமிழியை யாராலும் உன்னிடம் பொய் சொல்ல வைக்க முடியாது. மூன்று நாள் வேலையிடத்தில் நின்றால் ஜல்லி எந்த அளவு, கலவை எந்த விகிதம் என்று உனக்குப் பழகிவிடும். நாலாவது நாள் உன்னைக் கேட்காமல் ஒரு மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள்.

காலக்கணக்கு நம் மண்ணில் எளியது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். கூரையைத் திறக்கிற வேலை தையில் ஆரம்பித்தால் ஆடிக்குள் மூடிவிடலாம். உள்வேலைகளை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் குறைந்தால் வெடித்துவிடும். அந்த வெயிலில் சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது பத்து நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்குப் பதினான்கு நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கச் சொல்கிறது ஐ.எஸ். 456 தர நெறி. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச்சாக்கைச் சுற்றுங்கள். இந்த வேலைக்குக் காசு வேண்டாம், ஆளும் வேண்டாம். வேலை இல்லாமல் வீட்டிலிருக்கும் தம்பி, காலையும் மாலையும் அந்தக் குழாயை நீ பிடி! உன் கையால் ஊற்றிய தண்ணீரில்தான் அந்தத் தளம் இறுகப்போகிறது. பகலெல்லாம் செல்போனில் வேலை தேடி வராத பதிலுக்காகக் காத்திருந்த கண்ணுக்கு, நேற்றைவிட இன்று ஒரு வரிசை ஏறியிருக்கிற சுவர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

குறைந்த காசை நினைத்துக் குன்றிப்போகிறவர்கள் லாரி பேக்கரை அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917-ல் பிறந்து, கேரளத்தில் வேரூன்றி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். எலிப்பொறிக் கட்டு என்று சொல்லப்படும் முறையில் செங்கல்லைக் குத்தாய் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பினார். செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சம், வெயிலும் குறைவாய் உள்ளே இறங்கும். இடித்த வீடுகளின் பழைய கதவு, சன்னல், ஓடுகளை வாங்கித் திரும்பப் பயன்படுத்தினார். திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில், எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கக்கூடிய பாறைச் சரிவில், தன் சொந்த வீட்டையும் கிடைத்த பழம்பொருள்களைக் கொண்டு கட்டினார். அரசு அவருக்கு 1990-ல் பத்மஸ்ரீ கொடுத்தது. உங்கள் வீட்டில் பெயர்த்தெடுக்கும் தேக்குக் கதவையும் மங்களூர் ஓட்டையும் பழைய செங்கல்லையும் வண்டிக்காரரிடம் அள்ளிக் கொடுக்காதீர்கள். மண்ணைத் தட்டி, நல்லதைப் பிரித்து, ஓரமாய் அடுக்குங்கள். புது நிலைக்கதவின் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு வந்தால் நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று புரியும்.

இவ்வளவு பார்த்துச் செய்தும், நடுவில் மறுபடி ஓர் அடி விழலாம். விழாது என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விழுந்தால் வேலையை நிறுத்துங்கள், அதில் வெட்கமே இல்லை. ஆனால் நிறுத்துவதையும் ஒரு வேலையாய்ச் செய்யுங்கள். திறந்த இடத்தை மூடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குச் சிமென்ட் பால் பூசுங்கள், துரு சீக்கிரம் அண்டாது. மிச்சமிருக்கும் சிமென்ட் மூட்டைகளை வைத்துக்கொண்டு அழாதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் அதன் வலு குறையும். பக்கத்தில் யாராவது கட்டிக்கொண்டிருந்தால் கொடுத்துக் காசாக்குங்கள். மேஸ்திரியின் கணக்கை அன்றைக்கே தீர்த்து, “அண்ணே, மறுபடி கூப்பிடுவேன், நீங்கதான் வரணும்” என்று சொல்லி அனுப்புங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, அடுத்து எது, அதற்கு எவ்வளவு என்று வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதித் தேதி போடுங்கள்.

பிறகு பணம் கொஞ்சம் புரளும், உடம்பில் கொஞ்சம் தெம்பு வரும். முழுதாய் வரும்வரை காத்திருக்காதீர்கள், நின்ற இடத்திலிருந்து வேலையைத் தொடருங்கள். பழைய கான்கிரீட்டின் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியைக் கழுவி, நன்றாய் நனைத்து, சிமென்ட் பால் தடவி, அது காயும் முன்னே புதுக் கான்கிரீட்டைப் போட வேண்டும். அப்போதுதான் பழையதும் புதியதும் ஒட்டும். மேஸ்திரிகளுக்கு இது தெரியும், ஆனாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் மேஸ்திரியின் நம்பர் இன்னமும் போனில் இருக்கிறது. இன்று சாயந்திரமே கூப்பிடுங்கள்.